விழுந்த சைக்கிளை விற்பதற்கு முன்

விடிவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளக்கு எரிய சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு,



திருவான்மியூரில் சேர்ந்து மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் உங்களில் பலரிடம் இப்போது கார்பன் சைக்கிள் இருக்கிறது. போனஸ் பணத்தில் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். மாதத் தவணையில் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். வேறொருவர் ஓட்டி முடித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளும் இருக்கிறீர்கள். இந்தக் கடைசி வகையினரை நினைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் முக்கியமாகப் பேச வேண்டியது அவர்களுக்கு விற்கிறவர்களிடம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். விழுந்த கார்பன் ஃப்ரேமை, விழுந்தது என்று சொல்லாமல் இன்னொருவருக்கு விற்கக் கூடாது. முறையாகப் பரிசோதிக்காமல் நாமும் அதில் ஏறக் கூடாது. நம்மிடையே இவை இரண்டுமே சாதாரணமாக நடக்கின்றன. விற்பனை அறிவிப்பில் “லேசான கீறல்கள் மட்டும்” என்று ஒரு வரி இருக்கும். கீறல் எப்படி வந்தது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. கேட்டால், “சாய்த்து வைத்திருந்தேன், சரிந்துவிட்டது” என்று பதில் வரும். ஏமாற்றும் எண்ணத்தில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு என்றே நம்புகிறேன். விழுந்த பிறகும் கொஞ்ச நாள் ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் சைக்கிள் நன்றாகத்தான் இருக்கிறது என்ற கணக்கில் சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கு இரும்பு சைக்கிளிலிருந்து வந்தது. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நம் தெருக்களில் விழாத நாளா? ஃபோர்க் உள்வாங்கிவிட்டால் தெருமுனைக் கடைக்காரர் காலை வைத்து இழுத்து நிமிர்த்துவார். ரிம்முக்குக் கோட்டம் எடுப்பார். விரிசல் விட்ட இடத்தைப் பற்றவைத்துத் தருவார். அடி எங்கே பட்டது, எவ்வளவு பட்டது என்பதை இரும்பு தன் உருவத்திலேயே காட்டிவிடும். நேராக இருந்தால் ஓட்டலாம் என்பது அங்கே பெரும்பாலும் சரியாக இருந்தது. கார்பனில் அது சரிவராது. ஏன் சரிவராது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கார்பன் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்த இழைகளை ஒரே திசையில் பரப்பி எபாக்ஸி பிசினில் தோய்த்த தாள்களாக ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். தைவானிலும் சீனாவிலும் உள்ள ஆலைகளில், அந்தத் தாள்களை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் என்று குறித்த வரைபடத்தைப் பார்த்துக் கையாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பிறகு அச்சில் வைத்து, உள்ளே காற்றுப்பையை ஊதி அழுத்தம் கொடுத்து, சூட்டில் இறுக வைக்கிறார்கள். இப்படிப் பிறக்கும் ஃப்ரேம் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கலாம். இழை ஓடும் திசையில் இழுத்தால் அதன் எடைக்கு எஃகு அருகில் நிற்க முடியாது. நாம் மிதிக்கும் விசையும் சாலையின் அதிர்வும் எந்தத் திசையில் வரும் என்று கணக்கிட்டுத்தான் அந்த அடுக்குகளை வைத்திருக்கிறார்கள்.

விபத்து அந்தக் கணக்கில் இல்லாத திசையில் வருகிறது. நாம் விழும்போது ஹேண்டில்பார் சுழன்று டாப் டியூபின் பக்கத்தில் மோதுகிறது. நடைபாதைக் கல்லின் விளிம்பில் செயின் ஸ்டே போய் இடிக்கிறது. லேசான ஃப்ரேம்களில் டாப் டியூபின் நடுச்சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஒரே புள்ளியில் விழும் அந்த அடியில் பிசின் விரிகிறது, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, உள்பக்கத்து இழைகள் அறுகின்றன. வெளிச்சுவரோ உள்வாங்கிய வேகத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒரு கீறல் இருந்தால் உண்டு, அதுவும் இல்லாமல் போகலாம்.

விமானத் துறைக்கு இது பழைய கவலை. போயிங் 787-ன் எடையில் ஏறத்தாழ பாதி இப்படிப்பட்ட கூட்டுப்பொருள்தான். அதனால் கண்ணுக்குத் தெரியாத அடி பட்டிருக்கலாம் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அப்படிப் பட்டிருந்தாலும் தாங்கும்படி பாகங்களைத் தடிமனாக அமைக்கிறார்கள், பரிசோதனைக்கும் கால அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிராமையும் குறைத்து விற்கும் சைக்கிள் ஃப்ரேமில் அவ்வளவு உபரி வலிமையைப் போட்டு வைக்க முடியாது. கால அட்டவணையோடு வந்து பார்க்கிறவரும் யாரும் இல்லை.

கார்பன் கெட்ட பொருள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1986-ல் கிரெக் லெமாண்ட், கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டிச் செய்த ஃப்ரேமில் டூர் டி பிரான்ஸ் வென்றார். அதன்பின் அந்தப் பொருள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்றால், பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000-ல் எல்லை கட்ட வேண்டி வந்தது. அடிபடாத கார்பன், அலுமினியம் போல ஓடி ஓடிக் களைத்துப்போவதும் இல்லை. நன்றாகச் செய்த ஃப்ரேம், அடிபடாமல் இருந்தால், நம் ஆசை தீரும்வரை ஓடும். நானும் அதைத்தான் ஓட்டினேன், இப்போதும் ஓட்டுகிறேன். எனக்குப் பயம் அடிபட்டதை அடிபடாதது போல நடத்துவதில்தான்.

அடியின் விளைவு உடனே வந்துவிடும் என்ற நினைப்பும் தவறு. 2006 பாரீ–ரூபே பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பி முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டீயரர் குழாய் முறிந்தது. கையில் பிடித்திருந்த ஹேண்டில்பார் எதனோடும் ஒட்டாமல் கையோடு வந்தது. கீழே விழுந்து தோளில் அடிபட்டார். அந்த ஸ்டீயரர் அலுமினியம்தான், ஆனாலும் பாடம் கார்பனுக்கும் பொருந்தும். அதே நாளில் அதற்கு முன்பே அவர் ஒருமுறை விழுந்திருந்தார். உலகத் தரமான குழு, பின்னாலேயே காரில் மெக்கானிக்குகள். அப்படியிருந்தும் முதலில் விழுந்ததற்கும் குழாய் முறிந்ததற்கும் நடுவே நெடுந்தூரம் ஓட்டியிருந்தார். கொஞ்ச நாள் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள்.

நம் சாலையில் விழுவதற்குக் காரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரவெல்லாம் கடற்காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், முட்டுக்காடு பக்கத்து ஈரம், நீலாங்கரையில் குறுக்கே ஓடும் நாய், எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் இருசக்கர வண்டி. விழுந்தவுடன் நாம் செய்யும் முதல் காரியம், எழுந்து சைக்கிளைத் தூக்கி கியர் மாறுகிறதா என்று பார்ப்பது. தயவுசெய்து உட்காருங்கள். பதற்றத்தில் உடம்பு வலியை மறைக்கும். தலையில் அடிபட்டிருந்தால் ஹெல்மெட்டின் உள்ளிருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கும், அதன் வேலை அத்தோடு முடிந்தது. வெளியே விரிசல் இல்லை என்று அதையே மறுபடி மாட்டாதீர்கள். தலை சுற்றல், குமட்டல், காறை எலும்பில் வலி இருந்தால் 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கையில் பணம் இல்லையே என்று தயங்கி யாரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

இன்னொரு வண்டி மோதியிருந்தால், அங்கேயே ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறோம், கூட்டம் கூடுவது கூச்சமாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஃப்ரேமுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் உங்கள் காயத்துக்கு மட்டுமல்லாமல் உங்கள் பொருளின் சேதத்துக்கும் இடம் உண்டு. கார் என்றால் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை, இருசக்கர வண்டி என்றால் ஒரு லட்சம் வரை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய ஆறு மாதக் கெடு என்ற திருத்தம் 2022 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது. அங்கே சைக்கிளின் பில் வேண்டும், பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் பொறித்திருக்கும் வரிசை எண் வேண்டும். இன்றைக்கே இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பரிசோதனை. முதலில் கழுவித் துடையுங்கள், அழுக்கு விரிசலை மறைக்கும். இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எல்லாக் குழாயையும் பாருங்கள். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். பருத்தித் துணியால் மெதுவாகத் தடவுங்கள். அறுந்த இழை இருந்தால் நூல் சிக்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல. நல்ல இடத்தில் கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். சுவரின் தடிமன் மாறும் இடங்களிலும் ஒலி மாறும் என்பதால் இடதுபக்க ஸ்டேயை வலதுபக்க ஸ்டேயோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். ஹெட் டியூபுக்குப் பின்னால் டாப் டியூபும் டவுன் டியூபும் வந்து சேரும் இடம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, சீட் போஸ்ட் இறங்கும் இடம் ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். ஹேண்டில்பார் கார்பன் என்றால் டேப்பைப் பிரித்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், ஃபோர்க்கைக் கழற்றுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஸ்டீயரர் குழாய் ஹெட் டியூபுக்குள் ஒளிந்திருக்கிறது, வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தாலும் அது தெரியாது. கோவளத்தைத் தாண்டி நான் விழுந்தபோது, சைக்கிளைப் பார்த்த கடையில் சுற்றிச் சுற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, வளைந்திருந்த ஹேங்கரை மட்டும் மாற்றி, “ஒன்றுமில்லை சார், தாராளமா ஓட்டலாம்” என்றார்கள். ஹேங்கர் என்பது வளைந்து தன்னைப் பலி கொடுத்து ஃப்ரேமைக் காப்பதற்காகவே வைத்த அலுமினியத் துண்டு, அது வளைந்ததில் வியப்பில்லை. முன்சக்கரம் அடி வாங்கியிருந்ததால் ஃபோர்க்கைக் கழற்றச் சொன்னேன். ஸ்டீயரரின் அடியில், பேரிங் உட்காரும் வளையத்துக்குச் சற்று மேலே, பாதிச் சுற்றுக்கு மேல் ஒரு கோடு ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் தட்டியது. கழற்றிக் காட்டிய பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பின்பு ஃப்ரேமின் டவுன் டியூபிலும் தட்டும்போது ஓரிடத்தில் ஒலி மாறியது. இரண்டையுமே மாற்றினேன்.

சந்தேகம் தீராதவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை உண்டு, எக்ஸ்ரே உண்டு, சிடி ஸ்கேன் உண்டு. கிடைக்குமானால் செய்யுங்கள். கிடைக்காத இடத்தில், சந்தேகத்தின் பலனை உங்கள் பற்களுக்குக் கொடுங்கள், ஃப்ரேமுக்குக் கொடுக்காதீர்கள்.

கார்பனைப் பழுது பார்க்க முடியாது என்பதும் உண்மையல்ல. சேதத்தின் எல்லையைக் கண்டுபிடித்து, கெட்ட அடுக்குகளைச் சரிவாகத் தேய்த்து எடுத்து, அதே கோணங்களில் புதிய அடுக்குகளை வைத்து, அழுத்தத்தில் இறுக வைத்தால் டாப் டியூபும் ஸ்டேக்களும் மறுபடி பயன்படும். தெரிந்தவர் கையில் அது நல்ல வேலை. ஆனால் கார் டிங்கரிங் கடையில் செய்வது போல, விரிசல் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதும் பழுது என்ற பெயரில் நடக்கிறது. சேதத்தின் எல்லையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எத்தனை அடுக்கு, எந்தத் திசை, எப்படி இறுக வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் கொடுக்காதீர்கள். ஃபோர்க், ஸ்டீயரர், ஹேண்டில்பார், சீட் போஸ்ட் ஆகியவற்றை எவரிடமும் பழுதுக்குக் கொடுக்க வேண்டாம். அவை மாற்ற வேண்டியவை.

மாற்றுவது என்று வரும்போதுதான் மனசு தடுமாறுகிறது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் போட்டு வாங்கியது. வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லி வாங்கியவர்கள் உண்டு, அவர்கள் இரண்டாவது முறை எந்த முகத்தோடு கேட்பார்கள்? அந்த வேதனையை நான் சிறிதாக நினைக்கவில்லை. விழுந்த ஃப்ரேமைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும் எண்ணம் பிறப்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே பணத்தை எப்படிக் குறைக்கலாம் என்று சொல்வதும் என் கடமை.

விபத்து, உத்தரவாதத்தில் வராது. ஆனால் பல நிறுவனங்கள், பில் வைத்திருக்கும் முதல் உரிமையாளருக்கு, உடைந்த ஃப்ரேமுக்குப் பதிலாகப் புதியதைச் சலுகை விலையில் தருகின்றன. வாங்கிய கடையில் வாய்விட்டுக் கேட்டால்தான் இது கிடைக்கும். ஃப்ரேம் மட்டும் வாங்கி, பழைய கியர், பிரேக், சக்கரங்களை அதில் மாட்டிவிடலாம் என்று நினைத்தால், அளவுகளை முதலில் பாருங்கள். பழைய ரிம் பிரேக் சைக்கிளின் பின்சக்கரம் 130 மில்லிமீட்டர். இப்போது வரும் டிஸ்க் பிரேக் ஃப்ரேம் 142 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸிலைக் கேட்கும். சக்கரமும் பொருந்தாது, பிரேக்கும் பொருந்தாது. பாட்டம் பிராக்கெட்டில் எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணினால் தலை சுற்றும். பல பேருக்கு, ஃப்ரேம் மட்டும் என்று தொடங்கியது முழுச் சைக்கிளில் போய் முடிந்திருக்கிறது. ரிம் பிரேக்கிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு நல்ல அலுமினிய ஃப்ரேம் ஒன்று கார்பன் ஃபோர்க்கோடு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். கடற்கரைச் சாலையின் சமதளத்தில் அரைக் கிலோ கூடுதல் எடை உங்களைப் பின்னுக்குத் தள்ளாது. 200, 300 கிலோமீட்டர் பிரெவே (நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறவர்கள் எஃகு ஃப்ரேமை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். மிதிவண்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, அது ஒரு சிறு ஆறுதல். எதை வாங்கினாலும் விழுந்த வாரத்தில் வாங்காதீர்கள். அந்த வாரத்தில் போனதைத் திரும்பப் பெறும் அவசரம்தான் பேசும். காயம் ஆறட்டும், முதுகு எவ்வளவு குனிகிறது என்று பாருங்கள், பிறகு அளவெடுங்கள். புதியதைப் பூட்டும்போது ஸ்டெம் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, அதில் எழுதியிருக்கும் அளவுக்கே முறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். கை பழக்கத்தில் முறுக்கி நசுக்கிய கார்பன் விழாமலே உடையும்.

பழைய ஃப்ரேமுக்கு வருகிறேன். அதற்கு மூன்று வழிகள்தான் எனக்குத் தெரிகின்றன. பரிசோதித்து நன்றாக இருக்கிறது என்று உறுதியானால், எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது, யார் பார்த்தார்கள் என்பதை அறிவிப்பிலேயே எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். பழுது பார்த்திருந்தால் பழுதுக்கு முன் எடுத்த படத்தையும் கொடுக்கலாம். உடைந்திருந்தால், சந்தேகம் தீரவில்லை என்றாலும், ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிட வேண்டும். குப்பையில் முழுதாகப் போட்டால் அது எங்கேயோ பொறுக்கப்பட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, யாருடைய கைக்காவது வந்துவிடும். அறுக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அறுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது.

இந்த மாதம் கொல்லிமலைக்குப் போகும் பேச்சு நடக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி ஃபோர்க்கில் இறங்கும். வருகிறவர்களில் யாராவது, முன்பு இன்னொருவர் ஓட்டிய கார்பனில் வருகிறீர்கள் என்றால், விற்றவரிடம் அது எப்போதாவது விழுந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். விற்றவர்களே, அந்தக் கேள்விக்காகக் காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். திருப்பிக் கேட்டால் பணத்தைக் கொடுக்க வேண்டிவருமே என்ற பயம் இருந்தாலும் சொல்லுங்கள். பதில் தெளிவாகக் கிடைக்காதவர்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். ஸ்டாண்டும் கருவிகளும் டார்ச்சும் இருக்கின்றன. ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்து, கிரீஸ் வைத்துப் பூட்டித் தருகிறேன். ஒரு சைக்கிளுக்கு அரை மணி நேரம் ஆகும்.

அன்புடன்,
உங்களோடு சாலையில் வரும் ஒருவன்